சில வார வெயிலை நம்பி வாழும் காட்டு வெங்காயம்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள இலையுதிர் காடுகளில் வளரும் ஆலியம் டிரைகாக்கம் என்னும் காட்டு வெங்காயம், ஓராண்டில் சில வாரங்கள் மட்டுமே பச்சை இலையோடு நிற்கும் தாவரம். அதன் குமிழம், இலை, பூத்தண்டு, விதை ஆகிய ஒவ்வொன்றின் அமைப்பும் இந்தக் குறுகிய காலத்தை வைத்தே விளங்கிக்கொள்ளத்தக்கது என்பதும், அதைத் தோண்டி உண்ணும் மனிதர் எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் அதே அமைப்புதான் வரையறுக்கிறது என்பதும் இச்சொற்பொழிவின் கருத்து.

ஆலியம் என்பது வெங்காயம், வெள்ளைப்பூண்டு, லீக் முதலியவற்றை உள்ளடக்கிய பேரினம். 1753-இல் லின்னேயஸ் தம் தாவர நூலில் வரையறுத்த இப்பேரினத்தில் இன்று 900-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மனிதர் தோட்டத்தில் பயிரிடுபவை மிகச் சிலவே, ஏனையவை மலைச்சரிவுகளிலும் புல்வெளிகளிலும் பாலைநிலங்களிலும் தாமாக வளர்பவை. நெடுங்காலம் லில்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இப்பேரினம், மரபணு ஒப்பீடுகளுக்குப் பின் அமாரில்லிடேசி குடும்பத்துக்கு மாற்றப்பட்டது. ஆலியம் டிரைகாக்கத்துக்கு 1789-இல் அப்பெயரைச் சூட்டி விளக்கம் எழுதியவர், லண்டனை அடுத்த கியூ அரசத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த வில்லியம் எய்ட்டன். அப்பலாச்சிய மலைத்தொடரில் வாழ்வோர் இதை ராம்ப் என்கின்றனர். வடக்கே காட்டு லீக் என்ற பெயரே பெருவழக்கு.

கனடாவின் கியூபெக், நோவா ஸ்கோஷியா மாகாணங்களில் தொடங்கி மேற்கே மினசோட்டா வரையிலும், தெற்கே அப்பலாச்சிய மலைகள் வழியாக ஜார்ஜியா மாநிலத்தின் வடபகுதி வரையிலும் ராம்ப் பரவியுள்ளது. இந்தப் பரந்த எல்லைக்குள் அது எல்லா இடத்திலும் முளைப்பதில்லை. சர்க்கரை மேப்பிள், பீச், பாஸ்வுட், பிர்ச் போன்ற அகன்ற இலை மரங்கள் நிற்கும் காட்டில், கால்சியம் நிறைந்த, ஈரம் காக்கும், மட்கிய சருகால் கறுத்த மண்ணையே அது நாடுகிறது. தெற்கே செல்லச் செல்ல மலையின் குளிர்ந்த வடக்குச் சரிவுகளிலும் உயரமான பள்ளத்தாக்குகளிலும் அது ஒதுங்கிக்கொள்கிறது. உகந்த இடம் அமைந்துவிட்டால் ஏப்ரல் மாதத்தில் காட்டின் தரை முழுவதும் பச்சைக் கம்பளமாகத் தோன்றும் அளவுக்கு அடர்ந்து வளரும். தாராளமாகக் கிடக்கும் பயிர் என்று காண்போர் மயங்குவதற்கு இந்த அடர்த்தியே காரணம். அந்த அடர்த்தி எத்தனை ஆண்டுகளின் விளைவு என்பது பின்னால் தெளிவாகும்.

மண்ணுக்கு அடியில் இருக்கும் உறுப்பிலிருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் இத்தாவரம் தன் வாழ்வின் பெரும்பகுதியை அங்குதான் கழிக்கிறது. குமிழம் என்பது உணவைச் சேமிக்கும் தடித்த இலையடிகள் ஒன்றையொன்று சுற்றி மூடிய நிலத்தடி உறுப்பு. சமையலறையில் வெங்காயத்தை உரிக்கையில் அடுக்கடுக்காக வருபவை இந்த இலையடிகளே. ராம்பின் குமிழம் முட்டை வடிவில் நீண்டு, மேல்நோக்கிக் குறுகி, வெண்மையாக இருக்கும்; பருமன் சின்ன வெங்காயத்தைத் தாண்டுவது அரிது. ஆனால் அதை மூடியிருக்கும் வெளித்தோல், வெங்காயத்தின் தாள் போன்ற சருகு அல்ல. பழைய இலையடிகளின் மென்பகுதி மட்கிப்போக, நார்கள் மட்டும் ஒன்றோடொன்று பின்னி நின்று, சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் வலைபோல் குமிழத்தைச் சுற்றியிருக்கும். இந்த நார்வலை, ஆலியம் சிற்றினங்களைப் பிரித்தறிவதில் தாவரவியலார் முதலில் நோக்கும் அடையாளங்களுள் ஒன்று.

குமிழத்தின் அடியில் மட்டநிலத்தண்டு, அதாவது மண்ணுக்குள் கிடைமட்டமாக வளரும் தண்டு, குட்டையாக அமைந்திருக்கிறது. வேர்கள் அதிலிருந்தே கிளம்புகின்றன. ஒரு குமிழம் பிளந்து இரண்டாகும்போது இந்தத் தண்டு அவ்விரண்டையும் சில காலம் பிணைத்து வைக்கிறது. வேர்களுக்குள் வேர்ப்பூஞ்சைகள் குடியிருக்கின்றன. தாவரம் தரும் சர்க்கரையைப் பெற்றுக்கொண்டு மண்ணிலுள்ள பாஸ்பரஸ் போன்ற சத்துகளைத் தேடிக் கொண்டுவந்து தருபவை அவை. குமிழத்தில் சேர்வது உருளைக்கிழங்கில் உள்ளது போன்ற மாவுச்சத்து அன்று. ஆலியம் பேரினத்தின் இயல்புப்படி, ஃபிரக்டோஸ் சர்க்கரை அலகுகள் சங்கிலியாகக் கோத்த ஃபிரக்டான் என்னும் பொருளும் பிற சர்க்கரைகளுமே ஆகும். அடுத்த வசந்தத்தில் வெளிவரவேண்டிய இலைகளின் மொட்டு, முந்தைய ஆண்டே இக்குமிழத்தின் நடுவில் உருவாகிக் காத்திருக்கும்.

இலையைப் பொறுத்தவரை ராம்ப் தன் பேரினத்தின் பொதுவழக்கிலிருந்து விலகி நிற்கிறது. வெங்காயத்தின் இலை உள்ளீடற்ற குழல். பூண்டின் இலையும் லீக்கின் இலையும் தட்டையானவை என்றாலும் நாடாபோல் ஒடுங்கி நீண்டவை. அவற்றுள் எதற்கும் காம்பு கிடையாது. ராம்பிலோ, குமிழத்திலிருந்து எழும் இரண்டு அல்லது மூன்று இலைகளுக்கும் தெளிவான காம்பு உண்டு. அந்தக் காம்பு செவ்வூதா நிறம் பூசியதாக இருக்கும். அதன்மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும் 5 முதல் 8 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, இரு முனையும் குறுகிய, மழமழப்பான இலைத்தாள் விரிகிறது. பூவில்லாத நிலையில் பார்ப்பவர் இதை வெங்காய இனம் என்று ஊகிப்பதே கடினம். இந்த அகலம் வீண் அலங்காரம் அன்று. எஞ்சியிருக்கும் நாள் குறைவு, அந்த நாட்களில் கிடைக்கும் ஒளியோ மிகுதி என்ற நிலையில், ஒளியை ஏற்கும் பரப்பை உடனடியாகவும் முழுமையாகவும் விரிப்பதே தாவரத்துக்குப் பயன் தரும்.

அந்த நாட்களின் கணக்கு வருமாறு. வடக்குக் காடுகளில் பனி உருகும் மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ, மேலே மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்கும்போது, ராம்பின் சுருண்ட இலைகள் கூர்முனையோடு சருகைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. இரவு உறைபனி விழுந்தாலும் தாங்கிக்கொள்கின்றன. இலையில்லாத கிளைகளின் ஊடே வெயிலின் பெரும்பகுதி அப்போது தரையை எட்டுகிறது. மே மாத நடுவில் மேப்பிளும் பீச்சும் இலைவிட்டுக் கூரை வேய்ந்துவிட்டால், தரைக்கு இறங்கும் ஒளி முழு வெயிலில் சில விழுக்காடாகச் சுருங்கிவிடும். பனிக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட இந்த இடைவெளிதான் ராம்பின் ஆண்டு முழுமைக்குமான உழைப்புக் காலம். ஒரு கோடைமழையை நம்பி விதைத்து, அந்த ஈரம் வற்றுவதற்குள் கதிர் பிடித்தாகவேண்டிய மானாவாரி உழவரின் நிலையே இதுவும். மே இறுதியிலும் ஜூன் முதல் வாரங்களிலும் இலைகள் மஞ்சளாகித் தரையோடு படிந்து மட்கிவிடுகின்றன. இவ்வாறு வசந்தத்தில் மட்டும் இலை தாங்கிப் பின் நிலத்தடியில் ஒடுங்கும் தாவரங்களை வசந்தக் குறுவாழ்விகள் என்று குறிப்பிடலாம். இலையின் வாழ்வுதான் குறுகியதே தவிர, தாவரத்தின் வாழ்வு பல ஆண்டுகள் நீளும்.

இலை எப்போது உதிரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நிழல் மட்டுமே என்று கருதுவது இயல்பு. ஆயினும் கியூபெக்கில் நடந்த ஆய்வுகள் வெப்பநிலைக்கும் இதில் பெரும்பங்கு உண்டு எனக் காட்டியுள்ளன. குளிர்ந்த சூழலில் வளர்க்கப்பட்ட ராம்பின் இலைகள் கூடுதல் நாள் உயிரோடிருந்து, வெதுவெதுப்பான சூழலில் வளர்ந்தவற்றைவிடப் பெரிய குமிழங்களைத் தந்தன. வெப்பம் கூடினால் வளர்ச்சி கூடும் என்னும் பொது எண்ணத்துக்கு நேர்மாறான இம்முடிவு, குளிரை இத்தாவரம் சகித்துக்கொள்வதோடு நிற்கவில்லை, அதனால் ஆதாயமும் பெறுகிறது என்பதை உணர்த்துகிறது. இன்னொரு நுட்பமும் அங்கு வெளிப்பட்டது. வளர்ந்த செடி நிழல் விழுந்ததும் இலையை உதிர்த்துவிட, இளநாற்று நிழலுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டு இலையை நீடித்து வைத்திருக்க முயல்கிறது. சேமிப்பு ஏதும் இல்லாத நாற்றுக்குக் கிடைக்கும் மங்கலான ஒளியும் தேவை. நிரம்பிய குமிழம் உடைய மூத்த செடிக்கு அது தேவையில்லை. ஒரே தாவரம் வயதுக்கேற்பத் தன் ஒழுகலாற்றை மாற்றிக்கொள்வது, இச்சிற்றினத்தைப் பற்றி அறியப்பட்டவற்றுள் மிகவும் வியக்கத்தக்கது.

வசந்தக் குறுவாழ்விகள் காட்டின் சத்துச் சுழற்சியில் ஆற்றும் பங்கு குறித்து 1976-இல் மல்லர், போர்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். பனி உருகிய நீர் மண்ணிலுள்ள சத்துகளை அடித்துச் செல்லும் பருவத்தில் மரங்கள் இன்னும் முழுவீச்சில் உறிஞ்சத் தொடங்கியிராது. அப்போது இச்சிறு செடிகள் சத்துகளைத் தம் உடலில் ஏற்றி வைத்து, கோடையில் இலை மட்கும்போது மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன என்பது அக்கருதுகோள். பின்னர் நடந்த களச்சோதனைகள் எல்லா இடத்திலும் இதை உறுதிப்படுத்தவில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அதே வேலையைச் செய்யக்கூடும்.

இலைகள் மறைந்தபின் பூத்தண்டு எழுகிறது. இலையே இல்லாமல் குமிழத்திலிருந்து நேராகக் கிளம்பும் இத்தண்டின் நுனியில் பூமொட்டுகளை மூடிய மெல்லிய மடல் ஒன்று கூம்பாக நிற்கும். ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் அது கிழிய, குடை மஞ்சரி விரியும். எல்லாப் பூக்காம்புகளும் ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பிகளைப்போல் கிளம்பும் மஞ்சரிக்கே அப்பெயர். ராம்பின் மஞ்சரி அரைக்கோள வடிவில், 30 முதல் 50 வரையிலான பூக்களைத் தாங்கும். ஒவ்வொரு பூவிலும் புல்லி, அல்லி என்ற வேறுபாடு இல்லாத ஆறு பூவிதழ்கள் வெண்மையாகவோ சற்றே மஞ்சள் தோய்ந்தோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் அமைந்திருக்க, ஆறு மகரந்தத்தாள்களும் நடுவே மூன்று புடைப்புகள் கொண்ட சூற்பையும் காணப்படும். ஒளிச்சேர்க்கை செய்ய இலை ஏதும் இல்லாத இந்நிலையில், பூவுக்கும் காய்க்கும் விதைக்கும் வேண்டிய உணவு பெரும்பாலும் குமிழத்தின் சேமிப்பிலிருந்தே வரவேண்டும். ஆகவே போதிய பருமன் அடையாத குமிழம் பூப்பதே இல்லை. ஓராண்டு பூத்தது அடுத்த ஆண்டு பூவாமல் இருந்துவிடுவதும் உண்டு. நிழல் கவிந்த காட்டில் பிற மலர்கள் அரிதான அந்தக் கோடையில், சிறு தேனீக்களும் ஈக்களும் இப்பூக்களை நாடி வந்து மகரந்தச் சேர்க்கையை நிகழ்த்துகின்றன.

சூற்பையின் மூன்று அறைகளிலும் அறைக்கு ஒரு சூல் என்ற கணக்கில் மூன்றே சூல்கள் உள்ளன. எய்ட்டன் சூட்டிய சிற்றினப் பெயர் குறிப்பதும் இம்மூன்றையே. பூண்டு, வெங்காயம் முதலியவற்றின் உறவினங்கள் பலவற்றில் அறைக்கு இரண்டோ அதற்கு மேலோ சூல்கள் இருந்து, விதைகள் ஒன்றையொன்று நெருக்கிக் கோணலாக அமைய, ராம்பின் விதையோ அறையில் தனித்து வளர்வதால் மிளகைப்போல் உருண்டு, பளபளக்கும் கருநிறம் பெறுகிறது. காய் முற்றியதும் மூன்றாகப் பிளக்கும் வெடிகனி இது. வெடித்த பின்னும் விதைகள் உடனே சிந்திவிடுவதில்லை; காய்ந்த பூத்தண்டின் நுனியில் கருமணிகளாக ஒட்டிக்கொண்டு இலையுதிர்காலம் முழுவதும், சிலவேளை பனி விழுந்த பின்னும் நிற்கும். இறுதியில் தண்டு சாய, விதைகள் தாய்ச்செடியின் காலடியிலேயே விழுகின்றன. காற்றில் பறக்க இறகோ, பறவையை ஈர்க்கச் சதையோ அவற்றிடம் இல்லை. உழவுக்காக அழிக்கப்பட்டு மீண்டும் மரம் மூடிய காடுகள் பலவற்றில், மரங்கள் நூறாண்டு கடந்தும் இவ்வகைக் காட்டுச் செடிகள் திரும்பி வராததற்கு, விதை தொலைவு செல்ல இயலாத இத்தகைய அமைப்பே முதன்மைக் காரணம்.

விழுந்த விதை அடுத்த வசந்தத்தில் முளைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் பொருந்தாது. விதை உறக்கம் என்பது ஈரமும் காற்றும் கிடைத்தும் முளைக்காமல் விதை காத்திருக்கும் நிலை; ராம்பின் விதையில் அந்த உறக்கம் இரண்டு அடுக்காக அமைந்துள்ளது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த காலம் ஒன்று கழிந்தால்தான் கருவேர் உறக்கம் கலைந்து வெளிவரும். அதன்பின் நீண்ட குளிர்காலம் ஒன்று கழிந்தால்தான் முளைக்குருத்து எழும். இலையுதிர்காலத்தில் குளிர் முந்திக்கொண்டால், வெப்பத்துக்காக விதை அடுத்த கோடை வரை காத்திருந்து, அதற்கடுத்த வசந்தத்திலேயே மண்ணுக்கு மேல் வரும். ஆகவே முளைக்க 6 முதல் 18 மாதங்கள் ஆகின்றன. நாற்றின் முதல் இலை புல்லின் இதழைப்போல் மெலிந்த ஒற்றை இழை. அதிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு இலை சற்று அகன்று, குமிழம் சற்றுப் பருத்து, பூக்கும் நிலையை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும்; மண்ணும் ஈரமும் அத்தனை சாதகமாக இல்லாத இடத்தில் அதற்கும் கூடுதலாகவே ஆகும். சில வார வெயிலின் மிச்சத்தை மட்டும் சேர்த்து வைக்கும் செடி இதைவிட விரைந்து வளர வழியில்லை.

விதையைத் தவிர இன்னொரு வழியும் இதற்கு உண்டு. முதிர்ந்த குமிழம் பிளந்து இரண்டாகி, அவை மீண்டும் பிளந்து, பல ஆண்டுகளில் நெருக்கமான கொத்தாகின்றன. கொத்திலுள்ள செடிகள் மரபணு அளவில் ஒன்றே. காட்டுத் தரையில் கம்பளமாகத் தெரியும் பரப்பில் கொத்துகள் கொத்துகளோடு இணைந்திருப்பதைக் காணலாம். இக்கொத்துப் பெருக்கமும் விரைவானதன்று. அத்தகைய பரப்பு உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும் என்பதை, குமிழம் பிளக்கும் வேகத்தையும் விதை முளைக்கும் காலத்தையும் அறிந்தவர் எளிதில் கணித்துவிடலாம்.

உறவுமுறையிலும் ராம்ப் தனித்து நிற்கிறது. வட அமெரிக்காவுக்கு உரிய காட்டு வெங்காயங்களுள் பெரும்பாலானவை அமெராலியம் என்னும் துணைப்பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் அடிப்படைக் குரோமோசோம் எண் 7. ராம்பின் அடிப்படை எண்ணோ 8. அதன் உடற்செல்லில் 16 குரோமோசோம்கள் உள்ளன. அதன் நெருங்கிய உறவினங்கள் அமெரிக்காவில் இல்லை. ஆல்ப்ஸ் முதலிய ஐரோப்பிய ஆசிய மலைகளில் வளரும் ஆலியம் விக்டோரியாலிஸ், ஜப்பானிலும் அதையடுத்த வடகிழக்கு ஆசியாவிலும் வளர்ந்து வடக்கு ஜப்பானின் ஐனு மக்களுக்கு நெடுங்கால உணவாகவும் இருந்துவரும் ஆலியம் ஓகோடென்ஸ் ஆகியவற்றோடு அது ஆங்குயினம் என்னும் துணைப்பேரினத்தில் வைக்கப்படுகிறது. அகன்ற காம்புடைய இலை, வலைநார் போர்த்த குமிழம், அறைக்கு ஒரு சூல் ஆகிய மூன்று பண்புகளும் இவ்வுறவினங்களுக்குப் பொதுவானவை. ஆசியாவும் அமெரிக்காவும் இன்றைய பேரிங் நீரிணைப் பகுதியில் நிலத்தால் இணைந்திருந்த தொல்காலத்தில் இக்கால்வழி கிழக்கு நோக்கிப் பரவியது என்பது பொருத்தமான விளக்கம்.

ராம்புக்குள்ளேயே இரண்டு வடிவங்கள் உள்ளன. இலை 2 முதல் 4 சென்டிமீட்டர் அகலத்தோடு ஒடுங்கி, காம்பு செந்நிறமின்றி வெளுத்து, மஞ்சரியில் 10 முதல் 20 பூக்களே கொண்ட வடிவத்தைச் சிலர் தனி வகையாகவும், வேறு சிலர் ஆலியம் பர்டிக்கி என்ற தனிச் சிற்றினமாகவும் கொள்கின்றனர். இரண்டும் அருகருகே வளரும் காடுகளிலும் அவற்றின் பூக்கும் காலம் சற்றே முன்பின்னாக இருப்பதால், தனிச் சிற்றினம் என்னும் கருத்து வலுப்பெறுகிறது.

ராம்பின் மணம் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் இடைப்பட்டது. பச்சையாக உண்டவரின் மூச்சிலும் வியர்வையிலும் நாள் கடந்தும் நிற்கும் அளவுக்குக் கடுமையானது. முழு இலைக்கு மணம் அதிகமில்லை, கசக்கினால்தான் வீசும். கந்தகம் கலந்த அமினோ அமிலப் பொருள்கள் செல்லின் ஓரிடத்திலும், அவற்றைச் சிதைக்கும் அலீனேஸ் என்னும் நொதி வேறோர் அறையிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்க, பூச்சியின் பல்லோ கத்தியோ செல்லைக் கிழிக்கும்போது இரண்டும் கலந்து காரநெடி பிறக்கிறது. இது தாவரத்தின் தற்காப்பு. உணவு தேடிக் காட்டுக்குள் செல்வோருக்கு இம்மணமே உயிர்காக்கும் அடையாளமும் ஆகிறது. ஏனெனில் அதே காட்டில், அதே வசந்தத்தில், பள்ளத்தாக்கு லில்லியும் போலி ஹெல்லிபோர் எனப்படும் வெராட்ரம் விரிடேவும் அகன்ற பச்சை இலைகளோடு எழுகின்றன. முன்னதில் இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைக்கோசைடுகளும், பின்னதில் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி உயிருக்கு ஊறு செய்யும் ஆல்கலாய்டுகளும் உள்ளன. வெராட்ரத்தின் இலை கொசுவம் வைத்ததுபோல் நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக இருக்கும். ராம்பின் இலை சமமானது. பத்து ராம்புகளைப் பறித்த கையில் ஒட்டிய மணம் பதினோராவதாகப் பறித்த நச்சிலையிலும் வீசும் என்பதால், மூக்கை மட்டும் நம்பாமல் காம்பின் நிறத்தையும் வெண்குமிழத்தையும் ஒவ்வொரு செடியிலும் சரிபார்ப்பது கட்டாயம்.

இத்தாவரத்தின் உருவ அடையாளங்கள் வரலாற்று வழக்கு ஒன்றைத் தீர்க்கவும் உதவியுள்ளன. சிகாகோ என்னும் நகரப்பெயர் அங்கு மிகுந்திருந்த காட்டுப்பூண்டு ஒன்றுக்கு மயாமி-இல்லினாய் மக்கள் வழங்கிய பெயரிலிருந்து வந்தது என்பதை, பிரெஞ்சுப் பயணி லா சாலின் குழுவில் வந்த ஹென்றி ஜூட்டெல் 1687-ஆம் ஆண்டுக் குறிப்பில் பதிந்துள்ளார். அது எந்தச் செடி என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது; தலைசாய்ந்த மஞ்சரியும் ஒடுங்கிய இலையும் கொண்ட ஆலியம் செர்னுவம் என்று பலர் கருதினர். ஜூட்டெல் கண்ட செடியின் இலை பிரெஞ்சுப் பூண்டின் இலையைவிட அகன்றும் குட்டையாகவும் இருந்தது, அது மேப்பிள் மரங்கள் நிற்கும் காட்டில் வளர்ந்தது என்னும் இரு செய்திகளை எடுத்துக்காட்டி, அது ராம்பே என்று 1991-இல் வெளிவந்த கட்டுரையில் ஜான் சுவென்சன் நிறுவினார். செர்னுவம் வெயில் படும் திறந்தவெளியின் செடி; மேப்பிள் காட்டு நிழலில் அகல இலை விரிப்பது ராம்ப் மட்டுமே.

அப்பலாச்சிய மலைகளில் செரோக்கி மக்களும் பின்னர் குடியேறிய மலைவாசிகளும் குளிர்காலம் முடிந்ததும் கிடைக்கும் முதல் பசுங்கறியாக ராம்பைப் போற்றி வந்துள்ளனர். உப்பிட்ட இறைச்சியையும் உலர்ந்த தானியத்தையும் மட்டும் உண்டு மாதங்களைக் கழித்தவர்களுக்கு, வைட்டமின் சி நிறைந்த இந்த இலையும் குமிழமும் மருந்துக்கு நிகராக இருந்தன. பன்றிக்கொழுப்பில் உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் வதக்கி உண்பது மலைவழக்கு. மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் போன்ற சிற்றூர்களில் ஏப்ரல் மாத ராம்ப் விருந்துகள் பல தலைமுறைகளாக ஊர்த்திருவிழாவாக நடந்துவருகின்றன. இந்த மலைவழக்கு குறைந்த அளவில் நெடுங்காலம் நிலைத்தது. கடந்த நூற்றாண்டின் இறுதியில் பெருநகர உணவகங்கள் ராம்பைப் பருவச் சிறப்பாகத் தேடத் தொடங்கியபோதுதான், குமிழத்தோடும் வேரோடும் மூட்டைமூட்டையாகக் காட்டிலிருந்து வெளியேறும் வணிகம் பெருகியது.

எவ்வளவு எடுக்கலாம் என்னும் கேள்விக்கு, டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் நடந்து 2004-இல் வெளிவந்த ஆய்வு விடை தந்தது. பாத்திகளில் வெவ்வேறு விகிதங்களில் செடிகளை அகழ்ந்துவிட்டு, அவை மீள்வதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வாளர்கள், ஒரு கூட்டத்தில் 10 விழுக்காட்டை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பதே அக்கூட்டம் தாங்கக்கூடிய அளவு என்று முடிவு செய்தனர். காட்டில் பறிப்போர் எவரும் இயல்பாக நினைக்கும் அளவைவிட இது மிகக் குறைவு. ஆயினும் விதையின் ஈரடுக்கு உறக்கத்தையும், பூக்க ஆகும் ஆண்டுகளையும், விதை விழும் தொலைவையும் எண்ணிப் பார்த்தால் இதைவிடக் கூடுதலான விடையை எதிர்பார்க்க இடமில்லை. அப்பூங்காவில் ராம்ப் எடுப்பது இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தடை செய்யப்பட்டது. தலைமுறைகளாக அங்கே பறித்துவந்த செரோக்கி குடும்பங்களுக்கு அத்தடை பெரும் வருத்தத்தைத் தந்தது. அவர்களுள் பலர் குமிழத்தின் அடியையும் வேரையும் மண்ணிலேயே விட்டு மேற்பகுதியை மட்டும் அறுத்தெடுக்கும் வழக்கம் உடையவர்கள் என்பதால், வேரோடு பிடுங்கும் வணிகரையும் அவர்களையும் ஒரே விதியால் அளப்பது முறையன்று. கியூபெக் மாகாணம் 1995 முதல் ராம்பின் வணிகத்தை முற்றாகத் தடைசெய்து, ஒருவர் தம் சொந்த உணவுக்கு ஆண்டுக்கு 50 குமிழங்கள் வரை எடுக்க மட்டும் இசைவு தந்துள்ளது.

மனிதரின் கை படாத இடத்திலும் ராம்பின் வெயில் இடைவெளி சுருங்கக்கூடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு ஊரில் எழுத்தாளர் தோரோ 1850-களில் குறித்துவைத்த பருவக் குறிப்புகளை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வு, அங்குள்ள மரங்கள் இலைவிடும் நாள் ஏறத்தாழ இரண்டு வாரம் முந்திவிட, தரையில் வளரும் காட்டுமலர்ச் செடிகள் ஏறத்தாழ ஒரு வாரமே முந்தியிருப்பதைக் கண்டது. அந்த ஆய்வில் எடுத்துக்கொள்ளப்பட்டவை கான்கார்டின் பிற வசந்தச் செடிகளே என்றாலும், அதே ஒளியை நம்பி வாழும் ராம்பின் கணக்கிலும் இந்த ஒரு வார இழப்பு சிறியதன்று. வெப்பத்தில் குமிழம் சிறுக்கும் என்ற கியூபெக் முடிவையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும்.

அகழ்வதற்கு மாற்றாக இன்று பரிந்துரைக்கப்படுவது, ஒரு செடிக்கு ஓர் இலை என்ற அளவில் கத்தியால் அறுத்து, எஞ்சிய இலையையும் குமிழத்தையும் விட்டுவைக்கும் முறை. இலையை அறுக்கும் நாளும் இதில் முக்கியம். முளைத்த சில நாட்களிலேயே அறுத்தால் குமிழம் நிரம்ப வழியின்றிப்போகும், பருவத்தின் பிற்பகுதியில் அறுத்தால் இலை தன் பணியின் பெரும்பகுதியை முடித்திருக்கும். சொந்த மேப்பிள் தோப்பு உள்ளவர்கள் விதையையோ நாற்றுக் குமிழங்களையோ நட்டு வளர்க்கும் காட்டுவேளாண்மையும் வட கரோலினா முதலிய இடங்களில் பரவிவருகிறது. கருத்து முற்றிய விதைகளை இலையுதிர்காலத்தில் சேகரித்து, தரையின் சருகை விலக்கி, மண்ணில் விதையை மெல்ல அழுத்தி, அதே சருகால் மீண்டும் மூடிவிடுகிறார்கள். விதையாக ஊன்றியவர் முதல் அறுவடைக்கு 5 முதல் 7 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும்; குமிழமாக நட்டவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் இலை அறுக்கத் தொடங்கலாம்.